ஜன்னலோரப் பரீட்சை

சென்னையில் ரயில் பார்க்கவும் ரயிலில் போகவும் தோதான இடங்களைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்னால் ஓர் ஆளைத் திட்டி முடித்துவிட்டு வருகிறேன்.

கடற்கரை ஸ்டேஷனில் வேளச்சேரி வண்டி ஏறினேன். ஜன்னலோரத்தில் எனக்கு முன்பே ஒரு தம்பி. வண்டி கிளம்பக்கூட இல்லை, ஷட்டரை இறக்கிவிட்டான். செல்போன் திரையில் வெயில் அடிக்கிறதாம். எட்டிப் பார்த்தேன் (நீங்களும்தான் பார்ப்பீர்கள்). புதிய பாம்பன் பாலம்! நடுத்துண்டு மேலே ஏறுகிறது, இறங்குகிறது, ரயில் வருகிறது. ரயிலில் உட்கார்ந்துகொண்டு, ரயில் ஜன்னலை மூடிவிட்டு, ரயில் பார்க்கிறான்.

"கொஞ்சம் ஏத்துங்களேன் தம்பி, காத்து வரட்டும்."

"ஃபேன் ஓடுதே அங்கிள்."

அங்கிள் வேறு.

ஜன்னலோர இருக்கைக்கு ஒரு பரீட்சை வைத்தால் என்ன? கஷ்டமாக வேண்டாம். ஒரு மார்க் கேள்வி: சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவே வண்டி தாண்டும் ஆறு எது? தெரியாதவர் நடு இருக்கைக்கு நகரலாம். இரண்டு மார்க்: பேசின் பிரிட்ஜில் தடங்கள் எங்கெங்கே பிரிகின்றன? (ஒன்று அரக்கோணம் பக்கம், ஒன்று கும்மிடிப்பூண்டி பக்கம். காப்பி அடிக்காதீர்கள்.) ஐந்து மார்க்: எழும்பூரில் கிளம்பிய எக்ஸ்பிரஸும் நம் மின்சார ரயிலும் பக்கம் பக்கமாக ஓடும்போது பயணியின் கடமை யாது? நம் வண்டி முந்துவதற்காகக் கால் கட்டைவிரலால் தரையை அழுத்துவது. வேறு என்ன எழுதினாலும் பூஜ்யம்.

பிறகு செய்முறைத் தேர்வு. எதிர் வண்டி தடதடவென்று உரசிக்கொண்டு போகும்போது முகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளலாம், கண்ணை மூடக் கூடாது. தேறியவர்களுக்கு ஓட்டுநர் உரிமம் மாதிரி ஓர் அட்டை, 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தூங்கினால் ரத்து. ஜன்னல் கம்பியில் டிபன் பையை மாட்டுகிறவருக்கு ஆயுள் தடை. குழந்தைகளுக்குத் தேர்வு கிடையாது. ஆனால் குழந்தையைக் காட்டி இடம் வாங்கிவிட்டு, அதை மடியில் வைத்துத் தான் வேடிக்கை பார்க்கும் அப்பாக்களுக்கு நேர்முகத் தேர்வு உண்டு. கேள்வி கேட்க நானே வருகிறேன், சம்பளம் வேண்டாம். மூத்த குடிமக்களுக்கு ஒதுக்கீடு கேட்பீர்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் "காத்து காதுல அடிக்குது" என்று முதலில் ஷட்டரைத் தேடுவது யார்? நம் ஆட்கள்தான்.

இதற்குள் சேப்பாக்கம் போய்விட்டது. பறக்கும் ரயில் 1995-இல் அதுவரைக்கும்தான் வந்தது, வேளச்சேரியைத் தொட 2007 ஆயிற்று. அத்தனை வருடம் தூண் தூணாக எழுப்பி, பக்கிங்காம் கால்வாய் நெடுக மொட்டை மாடிகளெல்லாம் தெரிகிற உயரத்துக்கு ரயிலைத் தூக்கி வைத்தார்கள். கோட்டூர்புரத்தை ஒட்டி அடையாறு வரும்போது எனக்குத் தெரிந்தது வரி வரியான ஷட்டர் தகரம்.

சரி, இடங்கள். ராயபுரம் போகலாம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-இல் அங்கிருந்துதான் கிளம்பியது. கட்டடம் லட்சணமாக இருக்கும், வண்டிக்குத்தான் பொறுமை வேண்டும். பெரம்பூர்ப் பக்கம் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, ஆனால் நிற்கிற வண்டியைப் பார்ப்பதில் எனக்கு நாட்டமில்லை. ஆலந்தூரில் மெட்ரோ இரண்டு அடுக்காக ஓடுகிறது. மெட்ரோ ஜன்னல் திறக்காது என்று நிறையக் குறை சொல்லியிருக்கிறேன். இப்போது யோசித்தால், அதை மூடவும் முடியாது. மரியாதை கூடிவிட்டது.

எல்லாவற்றையும்விட நல்ல இடம் ஒன்று உண்டு. எக்ஸ்பிரஸ், கூட்ஸ், மின்சார ரயில் மூன்றும் வரும். தடம் வளைவதால் கடைசிப் பெட்டிவரை கண்ணில் படும். எதிரே டீக்கடை, வடையும் சுமாராக இருக்கும். எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள், சொல்வதாக இல்லை. அங்கே இருப்பது ஒரே ஒரு வேப்பமரம், மத்தியானம் அதன் நிழல் ஓர் ஆளுக்குத்தான் காணும்.