கொட்டேஷன் அண்ணன்

ஒரு பொருளை வாங்குவதற்கு முன்னால் நாலு பேரை விசாரிப்பது உலக வழக்கம். விசாரிக்கப்படுகிற அந்த நாலு பேரில் ஒருவராக இருப்பதையே ஜீவிதப் பிரயோஜனமாகக் கொண்டு, ஊரார் அத்தனை பேருக்கும் பொறுக்கிக் கொடுத்து, தாம் மட்டும் அந்தப் பொருளை வாங்காமலே காலத்தைக் கழித்துவிடுகிற ஓர் அபூர்வப் பிரகிருதியைப் பார்க்க வேண்டுமானால், புதுச்சேரிக் கடற்கரையில் காற்று வாங்குவதைச் சற்று ஒத்திவைத்து, மேற்கே வில்லியனூர்க் கொம்யூனுக்கோ தெற்கே பாகூர்க் கொம்யூனுக்கோ பஸ் ஏற வேண்டும். குறைந்த முதலில் விளையாட்டுக்கும் வீடியோ வேலைக்கும் ஏற்ற கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகத் தேர்ந்து கொடுக்கிற இந்த மகானுபாவர் அங்கே ஊருக்கு ஒருவர் இருக்கிறார். தாய் தகப்பன் இட்ட பெயர் ஆதார் அட்டையில் க்ஷேமமாக இருக்கிறது. ஊரில் வழங்குவது ‘கொட்டேஷன் அண்ணன்’ என்ற பட்டப்பெயர்தான்.

நான் அறிந்த கொட்டேஷன் அண்ணனுக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல், நாற்பதுக்குள். சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் ஷிப்ட் உத்தியோகம். ஷிப்ட் முடிந்து முகம் கழுவியதும் வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயிலுக்கு அடுத்த வீதியில் டீக்கடை பெஞ்சில் ஆஸ்தானம். சட்டைப் பையில் பென்சில், கக்கத்தில் ஒரு லாங் சைஸ் நோட்டு. அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கிற பாக்கியம் எனக்கு வாய்த்திருக்கிறது. பக்கத்துக்கு ஒரு சிஸ்டம். தலைப்பில் வாங்குகிறவர் பெயர், ஊர், கையிருப்பு. அதன் கீழே ப்ராசஸர், மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், கேபினெட், கிராஃபிக்ஸ் கார்டு, மானிட்டர் என்று வரிசை. ஒவ்வொன்றுக்கும் எதிரே பாண்டிக் கடை விலை, சென்னை ரிச்சி தெரு விலை, ஆன்லைன் விலை என்று மூன்று பத்தி. மற்றவர்களுடைய பக்கங்களில் மூன்றில் ஒரு விலை வட்டமிடப்பட்டு, அடியில் ‘வாங்கியாச்சு’ என்று எழுதியிருக்கும். முதல் பக்கம் அண்ணன் தமக்காகப் போட்டுக்கொண்டது. அதில் வட்டமே கிடையாது. விலையை அழித்து அழித்து எழுதியதிலே கிராஃபிக்ஸ் கார்டு வரியில் தாள் தேய்ந்து, மறுபக்கத்து எழுத்துத் தெரிகிறது.

அண்ணனிடம் ஆலோசனைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஜோடியாக வருவார்கள்: பணம் கொடுக்கிற தகப்பனார் ஒருவர், அந்தப் பணத்தை என்ன செய்வதென்று முன்னாலேயே தீர்மானித்துவிட்ட புதல்வன் ஒருவன். ரேம் விலை ஏறுவதற்கு முந்தைய நல்ல காலத்தில், நெல் விற்ற பணத்தோடு பாகூர் ஏரிப் பாசனத்து விவசாயி ஒருவர் மகனை அழைத்துக்கொண்டு வந்தபோது நானும் அதே பெஞ்சில் இருந்தேன்.

“படிப்புக்குத்தான் கேக்குறான் தம்பி” என்று ஆரம்பித்தார் பெரியவர்.

பாகூர் கல்விக்குப் பேர்போன ஊர்தான். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டிலே, அங்கிருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களைத் தானமாக விட்ட செய்தியை அவ்வூர்ச் செப்பேடு சொல்கிறது. படிப்பு என்று சொல்லிவிட்டால் கணக்குப் பார்க்காமல் கொடுத்துவிடுகிற சுபாவம் அந்த மண்ணுக்கு அன்றே படிந்துவிட்டது போலும்.

“இன்னா படிப்பு மாமா?”

“அனிமேஷனாம்.”

அண்ணன் பையன் பக்கம் திரும்பினார். “வேலரண்டா, ஜிடிஏவா?”

பையன் தன் கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டே, “ரெண்டும்ணே. கல்யாண வீடியோ எடிட்டிங்கும் பண்ணுவேண்ணே” என்றான். பெரியவருக்கு இந்தச் சம்பாஷணையில் கல்யாணம் என்ற ஒரு வார்த்தைதான் விளங்கிற்று. அது சுபமான வார்த்தையாகையால் தலையை ஆட்டினார்.

அண்ணன் பென்சிலைச் சீவிக்கொண்டார். வேலரண்ட் சாதாரணப் பெட்டியிலும் ஓடும். ஜிடிஏ ஐந்தாம் பாகமோ 2015-இலேயே கம்ப்யூட்டருக்கு வந்துவிட்ட பழைய சரக்கு. பெட்டியை உள்ளபடி வேலை வாங்கப்போவது கல்யாண வீடியோதான். ஆகையால் ஆறு கோர் உள்ள ரைசன் 5 5600ஜி. அதற்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருப்பதால் தனிக் கார்டுக்கு இப்போது பணம் முடக்க வேண்டாம். அடுத்த போகம் நன்றாக விளைந்தால் ஆர்எக்ஸ் 6600 போல ஒன்றைப் பிற்பாடு சொருகிக்கொள்ளலாம். இவ்வளவும் மளமளவென்று நோட்டில் ஏறிற்று. ரேம் வரிக்கு வந்ததும், “எட்டு ஜிபி ரெண்டு. பதினாறா ஒண்ணு வேணாம்” என்றார்.

“ஒண்ணா வாங்கினா சல்லிசா இருக்குமே தம்பி?”

“ரெட்டை மாட்டு வண்டியில ஒத்த மாட்டைப் பூட்டுவீங்களா மாமா?”

பெரியவர் வாயை மூடிக்கொண்டார். தனிக் கார்டு இல்லாத பெட்டியில் படம் வரைகிற பகுதிக்குச் சொந்த நினைவகம் கிடையாதென்பதும், ரேமிலே ஒரு பங்கைக் கடன் வாங்கித்தான் அது ஜீவிக்க வேண்டுமென்பதும், ரேம் இரண்டு பட்டையாக இருந்தால் இரண்டு வழியிலும் தகவல் போய் வருமென்பதும், ஒரே பட்டையானால் பாதி வழி அடைபட்டு விளையாட்டிலே ஓடுகிறவன் தத்தித் தத்தி ஓடுவானென்பதுமாகிய சாஸ்திரம் முழுவதையும் ஒரு மாட்டிலே அடக்கிவிட்ட அண்ணனை நான் மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

கணக்கெல்லாம் முடிந்த பிற்பாடு பெரியவர் தொண்டையைக் கனைத்தார். “இதுல லைட்டு எரியுமா தம்பி?”

“எந்த லைட்டு மாமா?”

“எங்க பங்காளி வூட்ல வாங்கிக்கினாங்களே, பெட்டிக்குள்ள செவப்பு, பச்சை, ஊதான்னு மாறி மாறி எரியுது. இவ்ளோ துட்டு போட்டுட்டு லைட்டு எரியலன்னா ஊர்ல இன்னா பேசுவாங்க?”

ஆர்ஜிபி விளக்கு அண்ணனுக்கு ஜன்ம வைரி. அந்தக் காசில் நல்ல எஸ்எஸ்டி போடலாமென்றார், பெட்டி மேஜைக்கு அடியில்தானே இருக்கப்போகிறது, யார் பார்க்கப்போகிறார்களென்றார், பெரியவர் அசையவில்லை. பங்காளி சம்பந்தப்பட்ட விஷயத்தில் எஃப்பிஎஸ் கணக்கு எடுபடுவதில்லை. ‘லைட்டு ஃபேன் 3’ என்று அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியபோது பென்சில் முனை ஒடிந்தது.

விளக்கில் விட்டுக்கொடுத்தாலும், பெட்டிக்கு மின்சாரம் ஊட்டுகிற எஸ்எம்பிஎஸ்ஸில் அவர் விட்டுக்கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. கேபினெட்டோடு இனாமாக வருகிற எஸ்எம்பிஎஸ்ஸைக் கடைக்காரர் எடுத்து நீட்டினால், அண்ணன் அதை உள்ளங்கையில் வைத்து, கண்களைப் பாதி மூடி, இரண்டு தடவை மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பார். ஸ்டிக்கரில் 450 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கனமோ ஒரு தேங்காய் மூடிக்கு மேல் இராது. “காத்துதான் இருக்குது” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாதிச் சுமையில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கையாவது வீணாக்காமல் தருவதற்கு அத்தாட்சியான 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை உள்ளதைக் கேட்டு வாங்குவார். நடவு சமயத்தில் நாலா பக்கமும் மோட்டார் ஓட, வீட்டு மின்விசிறி பெருமூச்சு விடுகிற ஊரில் இந்தப் பிடிவாதம் நியாயமானதென்றே நான் கருதுகிறேன்.

கடைக்குப் போவதும் தனி வைபவம். பாண்டியில் எல்லாம் மலிவு என்ற பழைய நம்பிக்கை கிராமத்துப் பெரியவர்களை இன்னும் விட்டபாடில்லை. 2017 ஜூலை முதல் தேதி ஜிஎஸ்டி வந்த பிறகு கம்ப்யூட்டர்ப் பாகங்களுக்கு பாண்டியிலும் பதினெட்டு சதவிகிதம், தமிழ்நாட்டிலும் பதினெட்டு சதவிகிதம். ஜிஎஸ்டிக்குள் அடங்காமல் இன்றும் விலை வித்தியாசம் காட்டுகிற சரக்குகள் பெட்ரோல் வகையறாவும் சாராயமும்தான். இரண்டில் எதை ஊற்றினாலும் கம்ப்யூட்டர் ஓடாது. ஆகவே அண்ணன் கட்சிக்காரரை அழைத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் பஸ் ஏறுவார். கடை கடையாக ஏறி இறங்கி அறுநூறு ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுப்பார். அன்றைய பஸ் கட்டணமும் சாப்பாட்டுச் செலவும் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். அந்தக் கணக்கை நோட்டில் எழுதுவதில்லை.

அவரைக் கலக்காமல் வாங்கினவர்கள் கதையும் உண்டு. நெட்டப்பாக்கத்துப் பக்கத்து இளைஞன் ஒருவன் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் குறைகிறதென்று ஐ3 12100எஃப் ப்ராசஸரை வாங்கி, கிராஃபிக்ஸ் கார்டு பிற்பாடு பார்த்துக்கொள்ளலாமென்று பெட்டியை மூட்டிவிட்டான். விசிறி சுழன்றது, திரை மட்டும் அமாவாசை. மானிட்டரை மாற்றினான், ஒயரை மாற்றினான், டிவி மெக்கானிக் வந்து பார்த்தார், பாட்டி கற்பூரம் ஏற்றினாள். அண்ணன் வந்து, பெட்டியைத் திறக்காமலே, ப்ராசஸர் வந்த காலி அட்டையை மட்டும் கையில் வாங்கி, கடைசி எழுத்தில் நகத்தை வைத்தார். அந்த ‘எஃப்’ இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. தனிக் கார்டு இல்லாமல் பிரம்மாவே வந்தாலும் படம் தெரியாது.

இத்தகைய ஞானஸ்தர் தமக்கு ஏன் வாங்கிக்கொள்ளவில்லை என்று கேட்டால் கோபிப்பதில்லை. தக்க ஆதாரங்களோடு பதில் சொல்வார். 2019 தீபாவளிக்கு வாங்குவதாகத்தான் இருந்தது. அந்த ஜூலையில் ரைசன் 3600 வந்திருந்தபடியால் பழைய 2600-இன் விலை இன்னும் இறங்குமென்று பொங்கலுக்குத் தள்ளினார். பொங்கல் போயிற்று, மாசி மகம் போயிற்று, மார்ச்சில் ஊரடங்கு வந்து கடைகள் கதவடைத்தன. 2021-இல் கடை திறந்திருந்தது, கார்டு இல்லை. எத்தீரியம் நாணயம் தோண்டுகிற கூட்டத்தார் உலகத்துக் கார்டுகளையெல்லாம் வாரிக்கொண்டு போக, மிஞ்சியவை இரட்டை விலைக்கு விற்றன. கண்ணால் காணாத அந்தக் கூட்டத்தாரை அண்ணன் வில்லியனூர் டீக்கடையிலிருந்தபடியே ஒன்றரை வருஷம் வைதார். 2022 செப்டம்பர் 15-ஆம் தேதி எத்தீரியம் கார்டு வேண்டாத முறைக்கு மாறிற்று. தோண்டி ஓய்ந்த கார்டுகள் மலிவு விலைக்குச் சந்தைக்கு வந்தன. ராவும் பகலும் மைனிங்கில் ஓடிய கார்டைத் தொடுவதில்லை என்பது அண்ணன் விரதம். புதுக் கார்டும் இறங்கித்தான் இருந்தது, அன்றே வாங்கியிருப்பார். பன்னிரண்டே நாளில், செப்டம்பர் 27-ஆம் தேதி, ஏஎம்டிகாரர்கள் ப்ராசஸரைப் பொருத்துகிற ஏஎம்5 என்ற புது சாக்கெட்டை இறக்கிவிட்டார்கள். பழைய ஏஎம்4 செத்துப்போயிற்று, செத்த பிளாட்ஃபார்மில் எவனாவது பணம் போடுவானா என்று அண்ணன் அன்று மாலையே தீர்ப்புச் சொன்னார். அந்தச் செத்த பிளாட்ஃபார்முக்கு 2024 ஜூலையிலும் புது ப்ராசஸர் வந்ததே என்று நான் மெதுவாகப் பிரஸ்தாபித்தபோது, “அதெல்லாம் கௌரவத்துக்கு விடறது சார்” என்று ஒதுக்கிவிட்டார். ஊராருக்கு மட்டும் ஏஎம்4-ஐயே சிபாரிசு செய்துவந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. பின்னாலேயே தென்பெண்ணை வெள்ளம் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களைச் சூழ்ந்துகொண்டது. தண்ணீர் வடிந்ததும் அண்ணன் லீவு போட்டுவிட்டு, தாம் தேர்ந்து கொடுத்த பெட்டிகள் இருந்த வீடுகளுக்கெல்லாம் சேற்றில் நடந்து போனார்; திருகுகளைக் கழற்றி, பாகங்களை முறத்தில் பரப்பி, சேற்றைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்து, நன்றாகக் காய்கிற வரைக்கும் ஸ்விட்சைத் தொடக் கூடாதென்று பையன்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டொன்று போயின, பெரும்பாலானவை பிழைத்தன. திரும்பி வந்த அன்று பெஞ்சில் உட்கார்ந்து, “நானும் வாங்கியிருந்தா இன்னா கதியாகியிருக்கும்?” என்று என்னைக் கேட்டார். அவர் வீட்டுக்குள் ஒரு சொட்டு வெள்ளமும் வரவில்லை என்பதை நினைவூட்டுவது மரியாதையாகாது.

2025-இல் ஜிஎஸ்டி குறையப்போகிறதென்ற சமாசாரம் வந்ததும் செப்டம்பர் 22 வரை பொறுத்தார். பெரிய டிவிக்கு 28-லிருந்து 18 ஆயிற்று, ப்ராசஸருக்கு முன்னும் 18, பின்னும் 18. சரி, வரும் பொங்கலுக்கு என்று நிச்சயம் பண்ணினார். அதற்குள் செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் உலகத்து ரேமையெல்லாம் தங்கள் டேட்டா சென்டர்களுக்குக் கொள்முதல் செய்ய ஆரம்பித்து, விலை சில மாதங்களிலேயே இரண்டு மடங்கைத் தாண்டிற்று. டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, சில்லறை ஜனங்களுக்கு விற்றுவந்த குரூஷியல் ரேம் வியாபாரத்தையே விட்டுவிடுவதாக அறிவித்தது. அண்ணன் முகத்தில் அன்று நான் துக்கத்தைக் காணவில்லை. ஏதோ ஒரு நிம்மதியைத்தான் கண்டேன்.

சமீபத்தில், 2019-இல் அவரிடம் முதன்முதலாக யோசனை கேட்டு வாங்கிய பையன், பிரான்சில் இருக்கும் அக்காள் வீட்டோடு போய்விடப் போவதாகச் சொல்லி, தன் பெட்டியை டீக்கடைக்கே சுமந்துகொண்டு வந்தான். அண்ணன் பக்கத்துப் பலகையைக் கழற்றி, செல்போன் விளக்கை அடித்து, ஒவ்வொரு மூலையாகப் பார்வையிட்டார்.

“எவன்டா இதுக்கு பி450 போர்டு போடச் சொன்னவன்?”

“நீங்கதாண்ணே.”

“அந்த நேரத்துக்கு அதுதான் கரெக்டு” என்றார் அண்ணன், கொஞ்சமும் கலங்காமல்.

“வெளிய கொடுக்க மனசில்லண்ணே. நீங்களே வச்சுக்கோங்க. துட்டெல்லாம் வேணாம்.”

அண்ணன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு நோட்டைப் பிரித்து, ஒரு புதுப் பக்கத்தில் அந்தப் பெட்டியின் பாகங்களை வரிசையாக எழுதி, தேய்மானம் கழித்து, பழைய ரேம் இன்று வாங்கின விலைக்கு மேலேயே போகுமென்பதைக் கண்டுபிடித்துப் பையனுக்கே சொல்லி, அங்கிருந்தே நாலு பேருக்குப் போன் போட்டார். பொழுது சாய்வதற்குள் கரிக்கலாம்பாக்கத்திலிருந்து ஒரு தகப்பனாரும் மகனும் பைக்கில் வந்து பணத்தை எண்ணிக் கொடுத்து, பெட்டியை நடுவில் வைத்துக்கொண்டு போனார்கள்.

சும்மா வந்ததை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று நான் கேட்டேன்.

“அந்தப் பையனுக்கு லீவு முடியறதுக்குள்ள வேணுமாம் சார். நமக்கு இன்னா அவசரம்?”