பென்சிலுக்கு என்ன கூலி?

வா கண்ணு, திண்ணையில உக்காரு. நீ டவுன் பிளானிங் கன்சல்டன்ட் ஆயிட்டீன்னு உங்கம்மா போன்ல சொன்னா. அப்படின்னா என்னம்மான்னு கேட்டேன். ஊரு எப்படி இருக்கோணும்னு யோசனை சொல்ற வேலையாமா. அட, அதத்தான் நான் டீக்கடை பெஞ்சுல உக்காந்துட்டு இத்தன வருசமாச் சொல்லிட்டிருக்கறேன்! ஒரு டீக்குக்கூட ஆரும் காசு குடுத்ததில்ல. உனக்குப் பீசே தர்றாங்களாமா. சந்தோசம். எந்தக் கணக்குல வாங்கப் போறே?

சைட்டுக் கணக்குல வாங்கு. ஒரு சைட்டுக்கு இத்தன ரூவான்னு பேசிக்க. அப்புறம் பாரு வேடிக்கைய. ஸ்கேலு தானா நகரும். 30 அடி ரோடு 23 அடியாயிரும். முக்குல நிக்கற வேப்பமரம் சைட் நம்பர் 17 ஆயிரும். நீ கெட்டவனில்ல சாமி, காசு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கை சாயும், அவ்வளவுதான்.

மூணு ஏக்கர் பூமின்னு வெச்சுக்க. 10,000 சதுர மீட்டரத் தாண்டிருது. ரோடு போக மிச்சத்துல 10 சதம் பொதுவுக்குன்னு தானப் பத்திரம் எழுதிக் குடுத்தே ஆகோணும், நம்ம பக்கம் ரிசர்வ் சைட்டுங்கறமே, அது. 3,000 சதுர மீட்டருக்குள்ளன்னா தர வேண்டியதில்ல. உடனே ரியல் எஸ்டேட்காரன் வருவான்: “தம்பி, அண்ணன், மச்சினன், மாமியா பேருல அஞ்சு துண்டாக்கிட்டா துண்டுக்கு 60 சென்ட்டுதான?” 60 சென்ட்டுன்னா 2,400 சதுர மீட்டர் சொச்சம். எம்.பிளான்ல ரண்டு வருசம் சொல்லித் தராததை அவன் ரண்டு நிமிசத்துல சொல்லித் தர்றான். அதுக்கு உன்கிட்டப் பீசு வாங்கறதில்ல பாரு, எத்தன பெரிய மனசு!

சைட்டுக் கணக்கு கூச்சமா இருந்தா சதவீதத்துக்குப் போ. திட்டச் செலவுல இத்தன சதம். அதுல ஒரே ஒரு தொல்லை, செலவக் கொறைச்சா உன்ற கூலியும் கொறையும். பேட்ரிக் கெடஸ்னு ஒரு ஸ்காட்லாந்து டவுன் பிளானர் 1914-ல மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்தாரு. அவரு கண்காட்சிக்குச் சேத்து வெச்ச படமெல்லாம் ஏறி வந்த கப்பல எம்டன்ங்கற ஜெர்மன் போர்க்கப்பல் மூழ்கடிச்சுப்போட்டுது. மனுசன் அசரல. மறுக்காவும் படங்களத் தேத்தி, அடுத்த வருசமே மெட்ராசுல கண்காட்சி வெச்சாரு. தஞ்சாவூரு, மதுரைன்னு சந்து சந்தா நடந்து பாத்தாரு. தெருவயே இடிச்சு நேராக்க வேண்டியதில்ல, இங்கொரு இடிஞ்ச வீடு, அங்கொரு குட்டிச்செவுரு எடுத்தாக் காத்தும் வெளிச்சமும் வந்துரும்ங்கறது அவரு யோசனை. சதவீதத்துக்கு வேலை செஞ்சிருந்தா, ஊருக்குத் திரும்பக் கப்பல் சார்ஜுக்கு என்ற பாட்டன்கிட்டத்தான் கைமாத்துக் கேட்டிருப்பாரு.

சர்க்கார் டெண்டரா? ஆரு கொறைச்சுக் கேக்கறாங்களோ அவங்களுக்கே வேலைங்கற எடத்துல, பாதி ரேட்டுக்குக் கேட்டு வாங்கிப்போடு. பாதிக் காசுக்கு வீதி வீதியாச் சர்வே எடுக்க முடியுமா? பழைய ரிப்போர்ட்ட எடுத்து ஊரு பேர மட்டும் மாத்து. எடையில ஒரு பக்கம் மறந்துட்டா, தண்ணியில்லாத ஊர்ல வேறொரு ஊரு ஆறு ஓடும். ஆரு படிக்கப் போறா? தரத்துக்கும் மார்க் போட்டு, விலையையும் சேத்துப் பாக்கற முறை ஒண்ணு இருக்குது. ஆனா அதுல போனா வேலை செய்யோணுமே!

எல்லாத்துலயும் சொகமான வழி பேக்கேஜ். “அப்ரூவல் வரைக்கும் எல்லாஞ் சேத்து இவ்வளவு.” அந்த ‘எல்லாஞ் சேத்து’ங்கறதுக்குள்ள எத்தன மேசை இருக்குதுன்னு பூமிக்காரன் கேக்க மாட்டான், நீயும் சொல்ல மாட்டே. கோமாளிதான் பரிசீலனைக் கட்டணம் வேற, வளர்ச்சிக் கட்டணம் வேற, அதை ஆன்லைன்ல நீங்களே கட்டி ரசீது வெச்சுக்கங்க, என்ற பீசு தனி, அதுக்கு 18 சதம் ஜி.எஸ்.டி.யோட பில்லும்பான். சர்வே முடிஞ்சா இத்தன, வரைபடத்துக்கு இத்தன, மனுப் போட்டா இத்தனன்னு மொதல்லயே எழுதி வாங்கிக்குவான். அவனுக்கு பைல் தூங்கினாலும் ராத்திரி தூக்கம் வரும். முக்காப் பணம் அப்ரூவல் வந்தாத்தான்னு ஒத்துக்கிட்ட உனக்கு வருமா?

வரைய நேரமில்லீன்னா கையெழுத்த வாடகைக்கு விடு. வேற ஆரோ வரைவான், நீ பூமியப் பாக்காமயே சீல் குத்து. ஆரு கேப்பா? கட்டடக்கலைஞருக்கு 1972 சட்டம் இருக்குது, கவுன்சில் இருக்குது, தப்புப் பண்ணினாப் பதிவேட்டுல பேரயே அடிச்சுப்போடலாம். உன்ற தொழிலுக்கு 1951-ல ஆரம்பிச்ச இன்ஸ்டிடியூட் ஆப் டவுன் பிளானர்ஸ், இந்தியா இருக்குது. நடத்தை விதியும் வெச்சிருக்குது. ஆனா அது சங்கம், அந்தச் சட்டம் மாதிரி கைப்பிடி அதுக்குக் கெடையாது. அதனால கண்ணு, உன்ற ஒழுக்கத்துக்கு நீயேதான் காவக்காரன். களவாணிக்கு இதவிட வசதி வேணுமா!

சிரிக்காத. அப்ரூவல் இல்லாத சைட்டப் பதியக் கூடாதுன்னு 2016 செப்டம்பர்ல ஐகோர்ட் தடை போட்டப்ப, நம்ம ஒறம்பரையில எத்தன பேரு பத்தரத்தப் புடிச்சுட்டு அழுதாங்க தெரியுமா? அடுத்த வருசம் வரன்முறை விதி வந்து, காசு கட்டித்தான் மீண்டாங்க. அந்த சைட்டுகளுக்கும் ஆரோ ஒருத்தன் ஸ்கேலு வெச்சுக் கோடு போட்டிருப்பான், பீசும் வாங்கியிருப்பான். அழுதவங்கள்ல ஒருத்தரும் அவன் மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல. காசு குடுத்தவன் பூமிக்காரன், குடியேறுனவன் வேற ஆளு.

செரி, அத விடு. நம்ம தென்னந்தோப்பு நாலு ஏக்கருக்கும் லேஅவுட் போடலாம்னு உன்ற மாமன் துடிக்கறான். பேரன்னு பாத்துப் பீசக் கொறைக்க வேண்டாம், உள்ளதச் சொல்லு, தர்றேன். ஆனா ஒண்ணு. தெக்கு மூலையில அந்தப் பாழுங்கெணறும் பாறையும் கெடக்குதில்ல, அதையே பார்க்குன்னு காட்டி ரிசர்வ் சைட்டாத் தள்ளிவிட்டா என்ன? எவனும் சைட்டுக்கு வாங்க மாட்டான் பாரு, அதான் கேட்டேன்... என்ன கண்ணு, அதுக்குள்ள செருப்பத் தொடற?