வீட்டோடு மாப்பிள்ளை ஆம்ப்

தஞ்சாவூர் மேலவீதி, தெற்குவீதிப் பழைய வீடுகளில் தேடினால் இப்படி ஒருவர் நிச்சயம் அகப்படுவார். சர்க்கார் உத்தியோகத்தில் ஓய்வு. பென்ஷனில் பாதி ஸ்பீக்கருக்கு. கூடத்தில் இடுப்புயர மரப்பெட்டிகள் இரண்டு. நடுவில், சென்னை ரிச்சி தெருவில் உதிரி பொறுக்கி அவரே அசெம்பிள் செய்த ஆம்ப். உள்ளே 2என்3055 டிரான்சிஸ்டர்கள். மேல்மூடிக்கு ஸ்க்ரூ கிடையாது. நாளைக்கும் திறக்க வேண்டுமே!

பெட்டிகள் பாஸிவ் ரகம். வெளியே நிற்கும் ஆம்ப் அனுப்புவதை, பெட்டிக்குள் இருக்கும் காயிலும் கெப்பாசிட்டரும் பிரித்துக் கனத்த ஒலியை ஊஃபருக்கும் கீச்சொலியை ட்வீட்டருக்கும் தள்ளும். காயில் சுற்றியதும் அவர்தான். வருஷாவருஷம் திருவையாறு ஆராதனைக்கு மார்கழியிலேயே ஆயத்தம் தொடங்கிவிடும். பஞ்சரத்னம் வானொலியில் நேரலையாக வரும் காலையில் வலது பெட்டி ஊமையாகும். அவர் சால்டரிங் ராடோடு தரையில் கிடப்பார். அம்மாள் அடுக்களையில் செல்போனில் ஐந்து கீர்த்தனைகளையும் கேட்டு முடித்துவிட்டுக் காப்பி கொண்டுவந்து வைப்பாள்.

ஒரு பொங்கலுக்குச் சென்னை மாப்பிள்ளை ஆக்டிவ் ஸ்பீக்கர் ஜோடியோடு வந்து இறங்கினார். “ஆம்ப் உள்ளேயே இருக்கு மாமா. ஊஃபருக்கு ஒண்ணு, ட்வீட்டருக்கு ஒண்ணு. முதல்ல பிரிச்சிட்டு அப்புறம்தான் பெருக்கும்.”

“அப்படின்னா வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லுங்க,” என்றார் மாமா. “கோளாறு வந்தா ஆம்பை மட்டும் அனுப்ப முடியாது, பெட்டியோட அனுப்பணும்.” மாப்பிள்ளை பேச்சை மாற்றினார்: பின்லாந்தின் ஜெனெலெக் 1978-லேயே வானொலி நிலையத்துக்கென்று இப்படிச் செய்துவிட்டதாம். மாமா அசரவில்லை. “ஒயர் தொல்லை இல்லைன்னீங்க, ஒவ்வொண்ணுக்கும் தனி பிளக் கேக்குதே?” நியாயமான கேள்விதான். கூடத்தில் இருப்பதே ஒரு பிளக் பாயின்ட்.

பரீட்சைக்குத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, பழைய இசைத்தட்டிலிருந்து எடுத்த பதிவு. அந்தக் காலத் தட்டில் ட்வீட்டருக்குக் கிடைக்கும் பெரிய வேலை கீறல் சத்தம்தான். இருந்தும் மாமா காதைச் சாய்த்து, “மேல கொஞ்சம் வெளிச்சம் பத்தலை,” என்றார்.

உண்மையில் பாட்டு நன்றாகவே இருந்தது, அதுதான் சங்கடம். உறுமல் இல்லை, சூடு இல்லை. பம்புசெட் ஓடினால் வோல்டேஜ் படுக்குமே என்று வாங்கிவைத்த ஸ்டெபிலைசரும் தேவைப்படவில்லை: 100 வோல்ட்டிலிருந்து 240 வரை தாங்குமாம். மாமாவுக்குக் கைவைக்க வேலையே இல்லை. இரண்டு நாள் பேப்பரை வரி விடாமல் படித்தார். மூன்றாம் நாள் பரணைச் சுத்தம் செய்யக் கிளம்பியதும் அம்மாளுக்கே பயம் வந்துவிட்டது.

நான்காம் நாள் பெட்டியைத் திருப்பினார். பின்புறம் குட்டிக் குட்டி சுவிட்சுகள்: சுவரோரம் வைத்தால் பேஸைக் குறைக்க ஒன்று, ட்வீட்டரை அடக்க ஒன்று.

மாப்பிள்ளைக்கு இப்போது ராத்திரி பதினோரு மணிக்கு போன் வருகிறது. “மூணாவது சுவிட்சைத் தட்டினா தம்புரா கொஞ்சம் உள்ள போகுதே மாப்பிள்ளை, நாலாவதையும் சேத்துத் தட்டட்டுமா?”