மதில்மேல் ரசிகர்கள்

கேள்வி: பிழைக்கப் போன ஊரில் கிளப் தொடங்குவதெல்லாம் பொழுதுபோகாதவர் வேலைதானே?

பதில்: தொடங்குவது வேண்டுமானால் அப்படி இருக்கலாம், தூக்கி நிறுத்துவது அப்படியல்ல. சுவிட்சர்லாந்திலிருந்து பார்சிலோனா போன ஹான்ஸ் கம்பர் (ராமாயணக்காரர் அல்ல) 1899-இல் பத்திரிகை விளம்பரம் கொடுத்துக் கால்பந்துக்கு ஆள் சேர்த்ததைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் 1908-ஐத்தான் சாட்சிக்கு அழைப்பேன். உறுப்பினர்கள் 38 பேராகத் தேய்ந்து கிளப்புக்குப் பால் ஊற்றும் நேரத்தில் தலைவர் பொறுப்பை ஏற்றார்; மறு வருஷமே சொந்த மைதானம். வியாபாரிதானே, லாபம் பார்த்திருப்பார் என்பீர்கள். ரசிகர்கள் தேசிய கீதத்துக்குச் சீழ்க்கை அடித்ததற்காக 1925-இல் பதவியை இழந்ததில் என்ன லாபம்? அந்த முதல் மைதானத்தில் இடம் போதாமல் மதில்மேல் வரிசையாக உட்கார்ந்தவர்களின் பின்புறம்தான் தெருவுக்குத் தெரியுமாம். பார்சிலோனா ரசிகர்களுக்கு இன்றும் பட்டப்பெயர் அதுதான்!