பெறாமகனுக்குப் பெரியப்பு சொல்லும் கந்தோர்ப் புத்தி

உனக்குத் தகவல் அலுவலர் வேலை கிடைச்சிட்டுது எண்டு கொம்மா வெள்ளவத்தை முழுக்க ரோல்ஸ் குடுத்துத் திரியிறா. நல்லது மோனை. ஆனால் அந்த வேலைக்கு முதல் தகுதி, தகவல் குடாமல் இருக்கத் தெரியிறது. கந்தோரிலையே கிழவனாய்ப்போன பெரியப்பு சொல்லுறன், கேள்.

முதல் விசயம் அறிவித்தல் பலகை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 இலை நடைமுறைக்கு வந்தது. அதின்படி உன்ரை விபரம், மேன்முறையீடு பாக்கிறவரின்ரை விபரம், தகவல் உரிமை ஆணைக்குழுவின்ரை விபரம், கட்டணம், எல்லாத்தையும் சனத்தின்ரை கண்ணிலை படுற இடத்திலை தொங்கவிட வேணும். தொங்கவிடு, ஆர் வேண்டாமெண்டது? கதவுக்குப் பின்னாலை தொங்கவிட்டிட்டு, கதவை எப்பவும் விரியத் திறந்து வை. திறந்த கதவைக் கண்டால் சனத்துக்கு நல்ல சந்தோசம். பின்னாலை என்ன கிடக்கெண்டு ஒருத்தரும் பாராயினம்.

கொட்டாஞ்சேனையிலை இருந்து ஒரு மனுசி வந்து, "எங்கடை ஒழுங்கை வடிகானுக்கு ஒதுக்கின காசு எங்கை?" எண்டு கேட்டால், "ஏனம்மா கேக்கிறியள்?" எண்டு உருக்கமாய்க் கேள். காரணம் சொல்லத் தேவையில்லை எண்டுதான் சட்டத்திலை கிடக்கு. அவவுக்கு அது தெரியுமே? பயந்து எழும்பிப் போயிடுவா. தமிழிலை எழுதிக்கொண்டு வந்தால், "சிங்களத்திலை எழுதிக்கொண்டு வாங்கோ" எண்டு திருப்பி அனுப்பு. கொழும்பிலையும் தமிழிலை கேட்டுப் பதில் வாங்கலாமெண்டு அரசியலமைப்பின்ரை 22ஆவது உறுப்புரை சொல்லுதாம். சொல்லட்டும்.

முடிவு சொல்ல உனக்கு 14 வேலைநாள் இருக்கு. வேலைநாள், கண்டியோ! போயா, பொங்கல், தீபாவளி, நத்தார் எண்டு எங்கடை கலண்டரிலை சிவப்பு எழுத்துக்கு என்ன குறை? குடுக்கிறதெண்டு முடிவெடுத்தாலும், கட்டணம் கட்டினாப் பிறகு இன்னும் 14 நாள். கடதாசி கனக்க எண்டால் மேலதிகமாய் 21 நாள்.

குரு வேணுமெண்டால் பாராளுமன்றத்தைப் பார். 2018 இலை ஒரு பத்திரிகையாளர் விண்ணப்பம் போட்டார். அவர் கேட்டது உறுப்பினர்களின்ரை சொத்தை இல்லை, சொத்து விபரம் குடுத்தவையின்ரை பேர்களை மட்டும்தான். ஆணைக்குழு குடு எண்டது. பாராளுமன்றம் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஏறிச்சுது. 2023 பெப்ரவரியிலை அந்த நீதிமன்றமும் குடு எண்டது. ஒரு பேர்ப் பட்டியலுக்கு நாலரை வருசம்! நீ வடிகானுக்கு ஏன்ரா பயப்பிடுறாய்?

ஒண்டிலை மட்டும் கவனம். வேணுமெண்டு மறைச்சாலோ பிழையான தகவல் குடுத்தாலோ 50,000 ரூபா வரை தண்டம், இல்லாட்டி இரண்டு வருசம் வரை மறியல், இல்லாட்டி ரெண்டும்.

உயிரோடை சம்பந்தப்பட்ட தகவல் எண்டால் 48 மணித்தியாலத்துக்குள்ளை பதில் சொல்ல வேணும். இதிலை எனக்குப் பகிடி வராது. குண்டுத் தாக்குதல் நடக்கப்போகுதெண்டு 2019 ஏப்ரல் 4 இலையே வெளிநாட்டுப் புலனாய்வு எச்சரிக்கை இஞ்சை வந்திட்டுது. அது கடிதமாய் மேசைக்கு மேசை போச்சுது. 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலமை கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் பூசைக்குப் போன சனத்துக்கு ஒரு சொல்லும் வரேல்லை, குண்டுதான் வந்தது. கேட்டால்தான் பதில் எண்டால், தெரியாத ஒண்டை எப்பிடியடா கேக்கிறது? அந்தத் தாக்குதலைத் தடுக்காததுக்கு 2023 ஜனவரியிலை உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதியை 10 கோடி ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. பிள்ளையைப் பறிகுடுத்த தாய்க்கு அந்தக் காசு என்னத்துக்கு?

சரி, கனக்கக் கதைச்சிட்டன். திங்கட்கிழமை நானும் உன்ரை கந்தோருக்கு வாறன். எனக்குக் கை நடுக்கம், எழுத ஏலாது. எழுத ஏலாதவன் வாயாலை கேட்டால் நீதான் எழுதியெடுக்க வேணும், அதுவும் சட்டத்திலை கிடக்கு. என்ரை கேள்வி கொஞ்சம் நீளம், பேனைக்கு மை இருக்கோ எண்டு பார்த்து வை. வடிகான் காசைப் பற்றித்தான். "ஏன் பெரியப்பு கேக்கிறியள்?" எண்டு மட்டும் கேட்டிடாதை.