பொருத்தமான இடத்தில் பொருத்தவும்

இஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை வாங்கினால் கூடவே ஒரு தடித்த கையேடு வரும். மெனுவுக்குள் மெனு, அதற்குள் இன்னொரு மெனு என்று பக்கம் பக்கமாக விளக்கம். வேகத்தை அளக்கும் சென்சாரை எங்கே மாட்டுவது என்பதற்கு மட்டும் ஒரே வரிதான்: பொருத்தமான இடத்தில் பொருத்தவும். அது எந்த இடம் என்று கேட்டால், அதைக் கண்டுபிடிக்கத்தானே ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன.

ரேடியோவில் பறக்கவிடும் எங்கள் மாடல் ஹெலிகாப்டரை நாங்கள் பந்தாவாகப் பெட்ரோல் ஹெலிகாப்டர் என்று சொல்லிக்கொள்கிறோம். உள்ளே இருப்பது புதர் வெட்டும் இயந்திரத்தின் வம்சத்தில் வந்த டூ ஸ்ட்ரோக் இஞ்சின். ஜப்பானின் ஸெனோவா வகையில் 23 சிசி, 26 சிசி என்று கிடைக்கும். கயிற்றைப் பிடித்து இழுத்தால் இருமிக்கொண்டே எழுந்திருக்கும். டெக்சாசுக்கு எங்களோடு இருக்க வந்திருந்த அம்மா, கராஜில் அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வந்து, "ஏண்டா, புல்லு வெட்டுற மெஷினை வச்சுப் புல்லை வெட்டாம, எதுக்குடா மேல அனுப்புற?" என்றார். வெளியே புல் முழங்கால் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்ததால் நான் பேச்சை மாற்றினேன்.

இந்த இஞ்சின் நிமிடத்துக்கு 12,000 சுற்று அளவில் ஓடும்போதுதான் உற்சாகமாக இருக்கும். ரோட்டார் இறக்கையின் கோணத்தைக் கூட்டினால் சுமை ஏறி வேகம் விழும். குறைத்தால் தறிகெட்டு ஓடும். வேகம் மாறாதபடி த்ராட்டிலைக் கூட்டிக் குறைப்பதுதான் கவர்னரின் உத்தியோகம். ஜேம்ஸ் வாட் 1788இலேயே இரண்டு இரும்புக் குண்டுகளைச் சுழலவிட்டு நீராவி இஞ்சினுக்கு இதைச் செய்துவிட்டார். அவருக்குச் சென்சாரும் இல்லை, எபாக்சியும் இல்லை. கொடுத்துவைத்தவர்.

நம் தலையெழுத்து 1879இல் எழுதப்பட்டது. எட்வின் ஹால் என்ற அமெரிக்க ஆராய்ச்சி மாணவர், மின்சாரம் ஓடும் தங்கத் தகட்டைக் காந்தப் புலத்தில் வைத்தால் தகட்டின் குறுக்கே சிறு மின்னழுத்தம் பிறப்பதைக் கண்டுபிடித்தார். அந்த ஹால் விளைவில்தான் நம் சென்சார் வேலை செய்கிறது. இஞ்சினைக் குளிர்விக்கச் சுழலும் ஃபேனில் ஒரு காந்தத்தை ஒட்டி, எதிரே சென்சாரை நிறுத்தினால், காந்தம் கடக்கும்போதெல்லாம் ஒரு பல்ஸ். கவர்னர் எண்ணிக்கொள்ளும்.

ஒட்டி என்று சுலபமாக எழுதிவிட்டேன். 3 மில்லிமீட்டர் விட்டமும் அதே நீளமும் கொண்ட நியோடிமியம் காந்தம் 0.16 கிராம் இருக்கும். தும்மினால் காணாமல் போய்விடும். அதை மையத்திலிருந்து 25 மில்லிமீட்டர் தள்ளி ஒட்டி 12,000 சுற்றில் விட்டால், வெளியே ஓடப் பார்க்கும் விசை 600 கிராமுக்கு மேல். மணிக்கு 110 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் அது விடுதலை கோருகிறது. அதனால் மேலே அப்புகிற வேலையே ஆகாது. ஃபேனில் குழி போட்டு, குழியைச் சொரசொரப்பாக்கி, எண்ணெய்ப் பிசுக்கை ஆல்கஹாலால் துடைத்து, எபாக்சி ஊற்றி, காயும்வரை தொடாமல் இருக்க வேண்டும். இதில் கடைசி வேலைதான் கஷ்டம்.

ஒரு பக்கம் காந்தம் வைத்தால் எடை சமன் கெடும் என்று எதிர்ப் பக்கமும் ஒன்று வைப்பார்கள். பல சென்சார்கள் ஒரு துருவத்தை மட்டுமே மதிக்கும். எனவே இரண்டாவது காந்தத்தைத் தலைகீழாக வைக்க வேண்டும். அது எடைக்கு மட்டும், பேச உரிமை இல்லை. இரண்டையும் ஒரே முகமாக வைத்துவிட்டால் 6,000 சுற்றை 12,000 என்று கவர்னர் நம்பி, இலக்கை எட்டிவிட்ட திருப்தியில் உட்கார்ந்துவிடும். ஹெலிகாப்டரும் தரையிலேயே உட்கார்ந்திருக்கும்.

சிக்கனக்காரர்களுக்கு இன்னொரு வழி உண்டு. இக்னிஷனுக்காக ஃபிளைவீலில் ஏற்கெனவே காந்தம் இருக்கிறதே, அதையே சென்சாருக்கும் காட்டினால் என்ன? காட்டலாம், காசும் மிச்சம். ஆனால் ஸ்பார்க் பிளக்குக்குப் பல ஆயிரம் வோல்ட் அனுப்பும் காயிலும் அதே தெருவில்தான் குடியிருக்கிறது. அதன் இரைச்சல் சென்சார் ஒயரில் புகுந்தால் கவர்னர் இல்லாத பல்ஸை எல்லாம் எண்ணி, இஞ்சின் தறிகெட்டு ஓடுகிறது என்று பதறி, த்ராட்டிலை மூடும். உயரத்தில் நிற்கும்போது இந்தப் பொறுப்புணர்ச்சி நமக்குத் தேவையில்லை. ரெசிஸ்டர் உள்ள பிளக் போடுங்கள். சென்சார் ஒயரைப் பிளக் ஒயரிலிருந்து விலக்கிக் கொண்டுபோங்கள். கார்பன் ஃபைபர் சட்டத்தின் விளிம்பில் உரசினால் ஒயரின் தோல் உரிந்துவிடும். விளிம்பை உப்புத்தாளால் மழுக்குவது நல்லது.

இனி பிராக்கெட். இதில் எங்கள் மைதானத்தில் ஆளுக்கொரு கட்சி. குளிர்காற்று போகும் பிளாஸ்டிக் மூடியிலேயே சென்சாரைத் திருகிவிடு என்பது ஒரு கட்சி. சூட்டில் நெளிந்து, அதிர்வில் ஆடும் பொருளிடம் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியை ஒப்படைப்பது எனக்குச் சரிப்படவில்லை. இஞ்சினின் சொந்த போல்ட்டில் பிடிக்கும் தடித்த அலுமினியத் துண்டுக்குத்தான் என் ஓட்டு. இஞ்சின் ஆடினால் சென்சாரும் சேர்ந்து ஆடட்டும், இடைவெளி மாறாது. இடைவெளியை அளக்கக் காலாவதியான கிரெடிட் கார்டு போதும். அதன் தடிமன் 0.76 மில்லிமீட்டர். ஃபேனுக்கும் சென்சாருக்கும் நடுவே அதைச் செருகி, லேசாக உரசியபடி இழுக்க வந்தால் சரி. அந்தக் கார்டு எனக்குக் கடன் வைக்காமல் உதவிய ஒரே வேலை இது. இறுக்கும்போது போல்ட் கழலாமலிருக்க நீல லாக்டைட் ஒரு சொட்டு.

இத்தனையையும் பார்த்துக்கொண்டிருக்கும் எலெக்ட்ரிக் ஹெலிகாப்டர் பையன், "அங்கிள், எனக்கு ஈஎஸ்சிக்குள்ளேயே கவர்னர் இருக்கு" என்பான். ஈஎஸ்சி என்பது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி. காந்தம், பிராக்கெட் எதுவும் அவனுக்குத் தேவையில்லை. ஆனால் சில நிமிடங்களில் அவன் இறங்கி பேட்டரி மாற்றும்போது, அரை லிட்டர் பெட்ரோலோடு போன என்னுடையது மேலேயே இருக்கும். அந்த ஆறுதலுக்காகத்தான் இந்தப் பாடு.

இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. காந்தம் ஒட்டிய பிறகு முதல் முறை ஓட்டும்போது ஃபேன் சுழலும் தளத்துக்கு நேராக யாரையும் நிற்க விடாதீர்கள். கவர்னர் இருக்கிறதே என்று ரேடியோவில் த்ராட்டில் கர்வை, அதாவது இறக்கைக் கோணத்துக்கு ஏற்ப த்ராட்டில் எவ்வளவு திறக்க வேண்டும் என்ற கணக்கை, அமைக்காமலும் விடாதீர்கள். பல்ஸ் நின்றுபோனால் பல கவர்னர்கள் பொறுப்பை அந்தக் கர்விடம்தான் ஒப்படைக்கும்.