செல்லாத வண்டி

ஹைதராபாத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பிரியாணியில் தொடங்குவார்கள். நான் படியில் தொடங்குகிறேன். சார்மினாருக்கு 149 படி, கோல்கொண்டா உச்சிக்கு 360 என்பார்கள். இரண்டையும் நான் ஏறியதில்லை. ஏறி இறங்கியவர்கள் மூச்சு வாங்கியபடி சொன்ன கணக்கு. என் சொந்தக் கணக்கு சிறியது. பள்ளிக்கூடத்துக்கு 9, ரேஷன் கடைக்கு 3, வேலை பார்த்த வங்கிக்கு 5. எனக்கு நடக்க முடியாது என்று சான்றிதழ் கொடுக்கும் அலுவலகத்துக்கு 18. அது மாடியில் இருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதான் ஏறி வந்துட்டீங்களே" என்றார். அவர் சந்தேகத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

1966 அக்டோபரில் தென் மத்திய ரயில்வே பிறந்தது. அதோடு அப்பாவுக்குச் செகந்திராபாத் மாற்றல். எனக்கு நாலு வயது. இரண்டு வயதில் வந்த காய்ச்சல் மூன்று நாளில் போய்விட்டது, போகும்போது என் இடது காலின் பலத்தையும் கூட்டிக்கொண்டு. லாலாகுடாவிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள் ரிக்‌ஷா. ஓட்டுகிறவரை நாங்கள் சாச்சா என்போம். வாசலில் நிறுத்தி, என் பையை ஒரு கையிலும் என்னை மறு கையிலும் இடுக்கிக்கொண்டு ஒன்பது படியையும் ஏறுவார். இரண்டையும் பெஞ்சில் இறக்கி வைத்துவிட்டு, "ஃபிகர் நக்கோ, பேட்டா" என்று தலையில் தட்டிவிட்டுப் போவார். எனக்குக் கவலை ஏதும் இருந்ததாக ஞாபகமில்லை. எப்போதும் பையைத்தான் முதலில் இறக்கினார் என்பது மட்டும் ஞாபகம்.

எல்லோரும் தூக்கினார்கள். இரட்டைமாடி பஸ்ஸில் கண்டக்டர் தூக்கினார், "இதுக்கு லக்கேஜ் டிக்கெட் போடணுமா?" என்று கேட்டு பஸ்ஸையே சிரிக்க வைத்தார். ஸ்கந்தகிரி முருகன் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு வந்த முன்பின் தெரியாத மாமா தூக்கினார். கல்யாண வீடுகளில் பந்திக்குத் தூக்கிப் போய் உட்கார வைத்து, நான் பாயசத்துக்கு வருவதற்குள் அடுத்த பந்திக்காக மறுபடி தூக்கினார்கள். சட்டம் எதுவும் இல்லை, கைகள் நிறைய இருந்தன.

இதோடு நிறுத்தினால் அந்தக் காலம் பொன்னாக மின்னும். விலையையும் சொல்லிவிடுகிறேன். தூக்கியவரைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிக்க வேண்டும். பல் அதிகம் தெரியாத, கழுத்தை ஒரு பக்கம் கொஞ்சம் சாய்த்த சிரிப்பு. ஐந்து வயதுக்குள் கற்றுக்கொண்டுவிட்டேன். ஒருநாள் ஏதோ கோபத்தில் சிரிக்காமல் இருந்தபோது, "பாவம்னு தூக்கினா மூஞ்சியைப் பாரு" என்று ஒரு மாமி முணுமுணுத்தது அம்மாவின் காதில் விழுந்தது. அன்று ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. என் கல்யாண ஆல்பத்தில்கூட எல்லாப் படத்திலும் அதே சிரிப்புதான். போட்டோகிராபரும் என்னைத் தூக்கியிருப்பாரோ என்று சந்தேகம் வரும்.

அம்மாவிடம் இதற்கெல்லாம் ஒரே மருந்து, ஜெய்பால் ரெட்டி. மற்ற அம்மாக்கள் எதிர்வீட்டுப் பையனின் கணக்கு மார்க்கைக் காட்டித் திட்டினால், என் அம்மா கல்வகுர்த்தி எம்.எல்.ஏ.வைக் காட்டித் திட்டுவாள். குழந்தையிலேயே போலியோ வந்து ஊன்றுகோலோடு நடந்தவர் அவர். 1980இல் மேடக் தொகுதியில் இந்திரா காந்தியையே எதிர்த்து நின்றார். "நின்னாரு பாரு!" என்பாள், அந்த ஒரு வார்த்தையை மட்டும் அழுத்தி. தோற்றுப்போனதைச் சொல்லமாட்டாள். 1998இல் அவர் சிறந்த நாடாளுமன்றவாதி விருது வாங்கியபோது, ஏதோ தன் டியூஷனில் படித்த பையன் மாதிரி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

என் காலிப்பர் இரும்பும் தோலும் வாரும் சேர்ந்து மூன்று கிலோவுக்கு மேல். வாழ்நாள் முழுக்க ஒரு காலில் மூட்டை அரிசி கட்டி நடந்த மாதிரி. இந்த ஊரிலேயே, கஞ்சன்பாக்கில், அக்னி ஏவுகணைக்காக எடையில்லாத, ஆனால் உடையாத ஒரு பொருளைச் செய்துகொண்டிருந்தார்கள். நிஜாம் மருத்துவ நிலையத்து எலும்பு மருத்துவர் ஒருவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். உடனே அப்துல் கலாமைத் தம் வார்டுக்கு அழைத்துப் போய், இரும்பை இழுத்துக்கொண்டு நடக்கும் பிள்ளைகளைக் காட்டினார். மூன்று வாரத்தில் 300 கிராமில் காலிப்பர் வந்துவிட்டது. கலாம் இதைப் பின்னால் பல மேடைகளில் சொன்னார். நம் ராமேஸ்வரத்துக்காரர் என்பதால் எனக்கு இரட்டைப் பெருமை. என் காலுக்கு அது வந்து சேரவில்லை. நான் அதற்குள் பிள்ளையாக இல்லை.

ஏவுகணைக்காரர்களுக்கு மூன்று வாரம் ஆன இடத்தில், நான் வேலை பார்த்த கிளையின் ஐந்து படிக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் வர 27 வருடம் ஆயிற்று. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சாய்தளக் கணக்கு. எங்கள் கொத்தனார் இரண்டரை அடி உயரத்தை ஐந்தடியில் முடித்துவிட்டார். பிள்ளைகள் சறுக்கி விளையாட உகந்தது. திறப்பு விழாவுக்கு என்னைப் படி வழியாகத்தான் கூட்டிப்போனார்கள். மறுவாரம் அதன் மேல் இரண்டு பூந்தொட்டிகள்.

1991இல் பின்னால் இரண்டு சக்கரம் கூடுதலாகப் பொருத்திய கைனடிக் ஹோண்டா வாங்கினேன். பதிவுப் புத்தகத்தில் வண்டியின் வகை 'இன்வேலிட் கேரேஜ்'. 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் எங்கள் வண்டிக்கு வைத்த பெயர் அதுதான். வங்கிக்காரனுக்கு இன்வேலிட் என்றால் என்ன அர்த்தம்? செல்லாத செக், செல்லாத நோட்டு. இப்போது செல்லாத வண்டி. அந்தச் செல்லாத வண்டிதான் டாங்க் பண்டில் மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு காற்றில் போனது. அப்ஸல்கஞ்சுக்கும் ஆபிட்ஸுக்கும் போனது. யாருக்கும் சிரித்துக் காட்டாமல் நான் வெளியே போய் வந்த முதல் வருடங்கள் அவை. 2019இல் சட்டத்தைத் திருத்தி அந்தப் பெயரை எடுத்துவிட்டார்கள், இனி 'அடாப்டட் வெஹிகிள்'. வண்டி அதற்குள் காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

பெயர் மாற்றுவதில் மட்டும் நம் நாட்டில் யாரும் காலம் தாழ்த்துவதில்லை. தெருவில் நான் நொண்டி. பஸ் பாஸில் விகலாங்குடு. தமிழ்ப் பத்திரிகையில் ஊனமுற்றோர், அப்புறம் மாற்றுத்திறனாளி. 2015 டிசம்பரில் பிரதமர் வானொலியில் பேசியதிலிருந்து திவ்யாங், தெய்விக அங்கம் உடையவன். கோயிலில் என்னைக் கண்டு ஒதுங்கியவர்கள் இனி கும்பிட வேண்டிவருமோ என்று பயந்தேன். செகந்திராபாத்தில் 1984இல் 'மனவளர்ச்சி குன்றியோருக்கான' என்று தொடங்கிய தேசிய நிறுவனத்தின் பெயரில் இப்போது 'அதிகாரமளித்தல்' இருக்கிறது. நல்லதுதான், வார்த்தைக்கும் வலி உண்டு என்பதை அனுபவித்தவன் நான். படிக்குத்தான் இன்னும் யாரும் பெயர் மாற்றவில்லை.

சட்டங்களும் வந்தன. 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள், 3 சதவீதம் வேலை. 2016 சட்டத்தில் இருபத்தொரு வகை, 4 சதவீதம். ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை மாற்ற ஐந்து வருட அவகாசம். விதிகள் 2017 ஜூனில் வந்ததால் அவகாசம் 2022 ஜூனில் முடிந்தது. அந்த ஜூன் மாதம் என் பதினெட்டுப் படிகளுக்குத் தெரியாமலே கடந்தது. என் ஊனத்தின் சதவீதம் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. முதல் டாக்டர் 60 என்றார். ஊனத்தைக் கணக்கிடும் ஸதரம் முகாமில் கம்ப்யூட்டர் 54 என்றது. அடுத்த அட்டையில் 57. கால் அதே கால். அன்று தூக்கிவிட்டு நன்றி கேட்டார்கள். இன்று உரிமை கொடுத்து அத்தாட்சி கேட்கிறார்கள். போலியோக்காரர்கள் இனி எத்தனை நாள் வரிசையில் நிற்கப்போகிறோம்? நாட்டின் கடைசி வைல்ட் வைரஸ் போலியோ 2011 ஜனவரியில் ஹவுராவில் ஒரு குழந்தைக்கு வந்தது. சிங்கவால் குரங்கு மாதிரி அருகிவரும் இனம் நாங்கள். சரணாலயம் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

2024 மே மாதம் ஸ்ரீகாந்த் போல்லாவின் கதை சினிமாவாக வந்தது. பேகம்பேட்டை தேவ்நார் பள்ளியில் படித்த, கண் தெரியாத பையன். பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் தர மறுத்ததால் கோர்ட்டுக்குப் போய் இடம் வாங்கி, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்துத் திரும்பி, இங்கேயே தொழிற்சாலை வைத்தவர். ஊர் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஜூலையில் இதே ஊரின் மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவர், உடல் குறை உள்ளவரை விமானியாக வைப்பார்களா, அறுவை மருத்துவராக நம்புவீர்களா, உயர் பணிகளில் இவர்களுக்கு எதற்கு ஒதுக்கீடு என்று சமூக வலைத்தளத்தில் கேட்டார். கைக்குட்டை காய்வதற்குள். நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், இணக்கமான கட்டடம் என்பது அரசு பார்த்துச் செய்யும் தயவு இல்லை, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் எழுது என்றது. அந்தத் தீர்ப்புக்கு ஆதாரமாக நின்ற அறிக்கையைத் தயாரித்தது நம் ஷாமீர்பேட்டை நல்சார் சட்டப் பல்கலைக்கழகம். தீர்ப்பைப் படித்த அன்று ஆட்டோ பிடித்து அந்தப் பதினெட்டுப் படிகளையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். புதிதாக டைல்ஸ் போட்டிருந்தார்கள். வழுக்கும்.

போன மாதம், இத்தனை வருடம் இரண்டு கால் வேலையைச் செய்த வலது முட்டிக்கு மருத்துவரைப் பார்க்க மெட்ரோவில் கிளம்பினேன். செகந்திராபாத் ஈஸ்ட்டில் ஏறி அமீர்பேட்டையில் மாறினால் பஞ்சகுட்டா. நிலையத்துக்குள் எல்லாம் சுத்தம். கண் தெரியாதவர்களுக்கு மஞ்சள் ஓடு, லிஃப்ட்டில் பிரெயில் பொத்தான். வெளியே அதே நடைபாதையில் இட்லி பண்டி, டிரான்ஸ்பார்மர், பைக் ஏறாமலிருக்க நட்ட இரும்புக் கம்பங்கள். பைக்குகள் பக்கவாட்டில் ஏறிக்கொள்கின்றன, சக்கர நாற்காலிக்குத்தான் வழியில்லை.

அமீர்பேட்டை லிஃப்ட்டில் கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஆரோக்கியமான பிள்ளைகள் பத்துப் பேர். யாரும் விலகவில்லை, யாரும் பாவப்படவும் இல்லை. எப்படியோ இடித்துப் பிடித்து உள்ளே நின்றேன். பக்கத்தில் ஒரு பெண், காதில் போன், தோளில் லேப்டாப் பை, கையில் ஹெல்மெட். பைக்குள் எதையோ துழாவியவள் என்னைப் பார்க்காமலே, "அங்கிள், ஏக் மினிட்" என்று ஹெல்மெட்டை என் கையில் திணித்தாள். ஒரு கையில் ஊன்றுகோல், மறு கை சுவரில். அதை எங்கே வைத்துக்கொள்வது? ஊன்றுகோலின் பிடியில் மாட்டிக்கொண்டு நின்றேன்.

கதவு திறந்தது. அவள் போனில் பேசிக்கொண்டே போய்விட்டாள். "ஏம்மா, ஏய், ஹெல்மெட்!" என்று கத்திக்கொண்டே, ஊன்றுகோலில் அது ஆடி ஆடி இடிக்க, பின்னாலேயே போனேன். ரயில் கதவு திறக்கும் நேரத்தில் திரும்பிப் பார்த்து ஓடிவந்தாள். அப்போதுதான் ஊன்றுகோலைக் கவனித்திருக்க வேண்டும். ஒரு நொடி தடுமாறி, ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ் அங்கிள்" என்று, பல் அதிகம் தெரியாமல், கழுத்தை ஒரு பக்கம் கொஞ்சம் சாய்த்துச் சிரித்தாள்.